கொட்டக் கூடாத தண்ணீர்

என் பிரியத்துக்குரிய அப்பாவுக்கு,

கருப்பன் இனித் தேற மாட்டான். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நல்லதை முன்னால் வைத்துக் கெட்டதைப் பின்னால் ஒளித்துப் பேசும் சாமர்த்தியம் எனக்கு என்றைக்குமே வந்ததில்லை, உங்களுக்குத் தெரியாததா?

அதியமான்கோட்டையில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கையால் ஃபைட்டர் மீன் வளர்த்த ஒரே ஆள் நீங்கள்தான். ஆறு ஊறுகாய் பாட்டில், கருப்பனையும் சேர்த்து ஆறு மீன். ஒன்றையொன்று பார்த்தால் சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும் என்று இடையிடையே அட்டையைக் கிழித்துச் செருகியிருப்பீர்கள். காய்ந்த பாதாம் இலையைக் கழுவி ஊறப்போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிவிடும். அதற்கு நீங்கள் வைத்த பெயர் கசாயம்.

“கட்டுன பொண்டாட்டி காச்சல்ல கெடந்தப்ப ஒரு கசாயம் வெச்சுக் குடுக்கல, மீனுக்குக் கசாயமாம்” என்பாள் அம்மா. கொசு ஒழிப்புக்கு வரும் அக்கா தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொன்னால், “கொசு வந்து முட்டை வெக்கட்டுங்க, இவனுங்களுக்கு அன்னிக்கி கறிச்சோறு” என்று சிரித்தே அனுப்பிவிடுவீர்கள்.

குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். அதைப் பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்தே வைத்திருந்து, மறுநாள்தான் பாட்டிலில் ஊற்றுவீர்கள். “இன்னிக்கிப் புடிச்ச தண்ணி எமன், கண்ணு. நாளைக்கி அதே தண்ணி அமிர்தம்.” தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

பிறகு ஏன் அப்படிச் செய்தேன்?

உங்களை எடுத்துக்கொண்டு போன பிறகு பெரியம்மா வாசலில் நின்று சொன்னார். “சாவு விழுந்த வூட்ல பழைய தண்ணி ஒரு சொட்டு நிக்கக் கூடாது. கொடம், அண்டா எல்லாத்தையும் கவுத்துட்டுப் புதுத் தண்ணி புடி.” குடத்தைக் கவிழ்த்தேன், அண்டாவைக் கவிழ்த்தேன். பாட்டில்களிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. “அது என்ன சாக்கடையாட்டம்? அதையும் கொட்டு. மீனைப் புதுத் தண்ணில வுடு, அதுங்களுக்கும் தீட்டு கழியட்டும்.”

பெரியம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். “ஒரு நாள் பொறுங்க பெரியம்மா” என்று சொன்னால் போதும். ஊர் வாயையே அடைக்கும் வாய் என்று என்னைக் கேலி செய்வீர்களே, அந்த வாய் அன்று திறக்கவில்லை. அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். அப்பன் செத்த அன்று மீனுக்கு வாதாடுகிறாளே என்று நாலு பேர் நினைப்பார்கள் என்று பயந்தேன், அதுதான் நிஜம். வீட்டிலிருந்த ஐந்தையும் அப்போதே பிடித்த குழாய்த் தண்ணீரில் விட்டு, பொழுது சாய்வதற்குள் என் கையாலேயே கொன்றேன்.

வால் அழுகல் கண்டதால் கருப்பனை மட்டும் பஞ்சர் கடையில், கம்ப்ரசருக்குப் பின்னால் தனியாக வைத்திருந்தீர்கள். ஐந்தாம் நாள் ஷட்டரைத் தூக்கியபோது பழைய கசாயத்தில் பட்டினியாக, ஆனால் உயிரோடு இருந்தான். இவன் ஒருவனைக் காப்பாற்றிவிட்டால் அன்று செய்தது கொஞ்சமாவது ஆறும் என்று நம்பினேன். வாலும் வளர்ந்தது. என்னைக் கண்டால் கண்ணாடியை முட்ட ஆரம்பித்திருந்தான்.

இப்போது வயிறு ஊதி, செதில்களெல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன. தர்மபுரி வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் போய்ப் போனில் படம் காட்டினேன். “உள்ள கிட்னி போயிருச்சுங்க. உப்பு தர்றேன், போட்டுப் பாருங்க. ஆனா தேறாதுங்க” என்றார். நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய இதேதானே? கெட்டுப்போவதற்கு உடம்பில் வேறு உறுப்பே கிடையாதா அப்பா?

உப்புப் போட்டும் வீக்கம் வற்றவில்லை. மூச்சு வாங்க மேலே வரக்கூட முடியாமல் தவிக்கிறான். முடியாத மீனுக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்பீர்களே, அதையும் செய்தேன். ஒரு டம்ளர் மொண்டு எடுத்தேன். எடுத்ததைக் கொட்டத்தான் முடியவில்லை, சன்னலில் வைத்துவிட்டேன்.

நேற்று அம்மா கேட்டாள். “அத என்னடி பண்ணப் போற?”

“இருக்கட்டும்மா.”

“உங்கப்பா ஊத்துனதா அது?”

“கொஞ்சம் இருக்கும்மா.”

இத்தனை மாதமும் ஒரு தடவைக்குப் பாதித் தண்ணீருக்கு மேல் நான் மாற்றியதே இல்லை. மாற்றி மாற்றி எவ்வளவுதான் மிச்சமிருக்கும், சொல்லுங்கள்? ஒரு சொட்டு?

இவனைப் பிழைக்க வைக்கிறேன் என்று சத்தியம் செய்தால் அது பொய். இன்றோ நாளையோ போய்விடுவான். நான் தரக்கூடிய வாக்கு ஒன்றுதான். அவன் போன பிறகு அந்தப் பாட்டிலைக் கவிழ்க்கச் சொல்லி யார் வாசலில் வந்து நின்றாலும் இந்த முறை வாயைத் திறப்பேன். “ஒரு நாள் பொறுங்க பெரியம்மா” என்பேன். மறுநாளும் அதையே சொல்வேன்.

யாருக்கென்று தெரியாமலே இன்றும் பக்கெட்டில் நாளைக்கான தண்ணீர் பிடித்து வைத்திருக்கும்,
உங்கள் மூத்த மகள்