ஐந்தாம் தேதிப் பக்கம்

1912 பிப்ரவரி 5, திங்கள்
இடுப்பு வலி நான்காம் நாளாகத் தணியவில்லை. டிஸ்பென்சரியில் டாக்டர் அபின் சேர்ந்த மருந்து எழுதிக் கொடுத்தார். கம்பவுண்டர் பாவா அதைக் கலந்து, சீசாவின் பக்கத்தில், வேளைக்கு ஒன்றாக ஓரத்தில் வெட்டுகள் வைத்த அளவுக் காகிதம் ஒட்டித் தந்தார். "ஒரு வெட்டுக்கு ஒரு வேளை ஐயா. கண்ணைச் சொக்கும். குடிக்கிற நாள்ல கடிவாளத்தைத் தொட்டுறாதிய," என்றார். வண்டிக்காரன் இருக்கிறான், இடையூறில்லை. வேளை: காலை பத்து, மாலை ஆறு.

பிப்ரவரி 7, புதன்
நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.
வண்டிக்காரனுக்குக் காய்ச்சல். பத்து மணிக்கு அளவு பிசகாமல் மருந்தை அருந்தினேன். பதினொன்றுக்குப் பத்திரப் பதிவு அலுவலகம் திறக்க வேண்டும். சப்ரிஜிஸ்திராராக இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் பிந்தியதில்லை. நானே ஓட்டினேன். ஆற்றுப்பாலம் வரை நினைவிருக்கிறது. பிறகு ஓர் அலறல். கீரை விற்கும் ஆவுடைத்தாயின் கால் சக்கரத்தின் கீழே முறிந்து கிடந்தது. குதிரை கீரைக்கட்டுகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவன், "ஏலே, ரிஜிஸ்திரார் ஐயா விடிஞ்சதும் ஏத்திட்டாருலே!" என்று சிரித்தான். பதில் சொல்ல நாக்குப் புரளவில்லை. போலீசார் 'குடிபோதை' என்று எழுதிக்கொண்டார்கள். கள்ளின் வாடையும் அறியாத என்னை!

பிப்ரவரி 8
ஜாமீனில் வந்தேன். கவனமின்றி வண்டியோட்டிக் கொடுங்காயம் விளைவித்தல்: இரண்டாண்டு வரை சிறை. சிறையென்றால் உத்தியோகம் போயிற்று, பென்ஷன் போயிற்று. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்துபோய்க் கதவைத் தாழிடுகிறேன்.

பிப்ரவரி 12
வக்கீல் ஞானசம்பந்த பிள்ளையைக் கண்டேன். "டாக்டர் குடுத்த மருந்துவே! மயக்கும்னு எவனும் எங்கிட்ட சொல்லலைன்னு ஒத்தை வார்த்தை சொல்லும். கேஸ் நிக்காது," என்றார். கம்பவுண்டர் சொன்னார் என்றேன். "யாரு சாட்சி? நீரும் அவனுந்தானவே. எழுத்துல எதுவும் உண்டுமா?"
இல்லை என்றேன்.
இல்லை என்றா சொன்னேன்? நானா?

பிப்ரவரி 15
பாவா வந்திருந்தார். வழக்கு முடியும்வரை அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "நீ சொன்னியான்னு டாக்டர் கேக்குதாரு. சொன்னேன்னா, சாட்சி எங்கங்காரு. ஐயாவுக்கு ஞாபகம் இருக்கும்லா?"
உடம்பு சரியில்லை, பிறகு பார்க்கலாம் என்று உள்ளே வந்துவிட்டேன். அவர் வெகுநேரம் வாசலிலேயே நின்றதாக என் மனைவி வடிவம்மாள் சொன்னாள்.

பிப்ரவரி 16
உறக்கமில்லை. மருந்துச் சீசாவைத் தொடவே பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 18
வடிவம்மாளிடம் இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் அடுப்பைக் காட்டினாள். "அந்த ஒத்தைக் காயிதத்தைக் கிழிச்சுப் போடுங்க. ஆருக்குத் தெரியப் போகுது?"
தெரியும். 'இப்புத்தகத்தில் இருநூறு பக்கங்கள் உள்ளன' என்று ஜனவரி முதல் தேதி, அலுவலகப் பதிவேடுகளுக்குச் செய்வதுபோல, முதல் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். பக்கந்தோறும் எண்ணும் இட்டிருக்கிறேன். அப்படியானால் புத்தகத்தையே எரிக்கலாமே? — எரிக்கலாம். அதற்கும் கை வருமா? ஐயோ, ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கம்தானே!

பிப்ரவரி 25
நாளை விசாரணை. "வாயைத் தொறந்தா நான் சொன்னதை மட்டும் சொல்லும்," என்று வக்கீல் ஆளனுப்பினார். சிறைக்குள் இடுப்பு வலிக்கு என்ன செய்வார்கள்? பயமாக இருக்கிறது. இதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

மே 9, வியாழன்
இடைப்பட்ட நாட்களுக்குக் குறிப்பில்லை. விசாரணையன்று நானே எடுத்துக் கொடுத்த இந்தப் புத்தகம் கோர்ட்டில் இருந்தது. இரண்டு மாதம் நான் சிறையில் இருந்தேன். ஐந்தாம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில் மாஜிஸ்திரேட்டின் சிவப்பு மைக் குறி இருக்கிறது. 'குடிபோதை' என்ற பழியை நீக்கியது அந்தப் பக்கமே. எச்சரிக்கை கிடைத்திருந்தது என்று நிறுவியதும் அதுவே. உத்தியோக நீக்க உத்தரவு சென்ற வாரம் வந்தது.
புத்தகத்தை வாங்கிக்கொண்டு நடந்தே திரும்பினேன். டிஸ்பென்சரி ஜன்னலில் பாவா ஒரு சீசாவுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நின்று கும்பிட்டார். பாலத்தருகே கீரைக்கூடையின் பக்கத்தில் ஓர் ஊன்றுகம்பு கிடந்தது. ஆவுடைத்தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நடந்தா போறிய?" என்றாள். ஆம் என்றேன். "பைய போங்க."
வீட்டுக்கு வந்து பக்கங்களை எண்ணினேன். இருநூறும் இருக்கின்றன.