மச்சான், உங்கள் வண்டி நாறுகிறது

வாய்க்கு வாய் என்னை வம்புக்கு இழுத்த என் அன்பு மச்சானுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். போன இடத்தில் உங்கள் மூக்கு வேலை செய்கிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. இங்கே இருந்தவரை அது வேலை செய்யவில்லை என்பதற்கு ஆதாரம் திருக்கோகர்ணத்தில், உங்கள் வீட்டு வாசலில், சக்கரத்தின் மேல் நிற்கிறது.

இருபது வருஷமாக நீங்கள் கோட்டைப்பட்டினத்தில் மீன் ஏற்றி, ஊர் ஊராகக் கடைகளுக்கு இறக்கிய வண்டி. அதற்கு வயதானதும் வேறு யாராக இருந்தாலும் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். நீங்கள் அதற்குள் வீடு கட்டப் புறப்பட்டீர்கள். கட்டில், அடுப்பு, ஜன்னல், தண்ணீர்த் தொட்டி. "ஒங்கக்காளைக் கூட்டிக்கிட்டு ஊர் ஊராப் போயி நிக்கப் போறேன் பாரு. ரூம் இருக்கான்னு எவன்ட்டயும் கேக்க வேணாம்" என்றீர்கள். அடுப்புக்கு எதிரிலேயே கக்கூஸையும் வைத்தீர்கள். நடுவில் பூப்போட்ட பிளாஸ்டிக் திரை. ஒரு கையால் தோசையைத் திருப்பிக்கொண்டே... வேண்டாம், இதை நாலு பேர் படிக்க வேண்டும்.

திரை மாட்டிய மறுவாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

அதிலிருந்து பத்து மாதமாக அக்கா வாசல் தாண்டவில்லை மச்சான். கல்யாணம், காதுகுத்து எதற்கும் வரவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் என் வீட்டுக்குக்கூட வரவில்லை. பத்தாம் மாதம்தான் வாய் திறந்தாள். "வெளிய வந்தா அவுக வண்டியிலதான் வருவேன். அவுக எப்படி வச்சாகளோ அப்படியே இருக்கணும். ஒரு ஆணியப் புடுங்கப்படாது." சந்தோஷத்தில் சத்தியமே செய்து கொடுத்துவிட்டேன். வண்டியின் கதவை அப்போது நான் திறந்து பார்த்திருக்கவில்லை.

திறந்தேன். பத்து மாதம் பூட்டிக் கிடந்த வாடை 'வா கொழுந்தியா' என்று கட்டிப்பிடித்தது. காலையில் தின்ற நாலு இட்லியும் நான் கூப்பிடாமலே வெளியே வந்தன.

"மீன் நாத்தம்க்கா!"

"எங்கிட்டு? எனக்கு ஒண்ணும் அடிக்கலையே" என்று அக்கா கட்டிலில் உட்கார்ந்து, ஏதோ மல்லிகைப் பந்தலில் இருப்பதுபோல் மூச்சை இழுத்து விட்டாள்.

பினாயில் ஊற்றினேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். சாம்பிராணி போட்டேன், கருவாட்டுக்குத் தீபாராதனை காட்டியதுபோல் ஆயிற்று. பிறகு அன்னவாசல் சித்தி வந்தாள். உங்கள் பதினாறாம் நாள் விருந்தில் பாயசத்துக்கு இனிப்புப் போதவில்லை என்று குறைபட்டவள், அவளேதான். "சாவு வீட்டு வண்டி, தீட்டுடி. கோமியம் தெளிக்கணும்" என்றாள். கேனைத் தூக்கி வந்து தெளிக்கவில்லை மச்சான், கவிழ்த்தாள். மீன் கடைக்குள் மாட்டுத் தொழுவம் வந்து சேர்ந்தது. போகிறபோது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "புருசன் போயி வருசம் திரும்பல. அதுக்குள்ள ஊர் சுத்த வண்டி கேக்குதாக்கும்" என்றாள். உள்ளே இருந்த அக்காவுக்குக் கேட்கும்படிதான் சொன்னாள். அன்றைக்கு எனக்கு அதிகம் குமட்டியது எது என்று நினைக்கிறீர்கள்?

ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே அக்காவை ஏற்றிக்கொண்டு நார்த்தாமலைக்கு ஒரு வெள்ளோட்டம் விட்டேன். ஆமாம், நான்தான் ஓட்டினேன். 'நீ லைசென்ஸ் வாங்குனா நான் ரோட்டுக்கே வரமாட்டேன்' என்றீர்களே, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டீர்கள். வழியில் மூன்று முறை இறங்கி வாந்தி எடுத்தேன். பின்னால் அக்கா, "கால் நீட்ட எம்புட்டு எடம் விட்டிருக்காக பாரேன்" என்று உங்கள் புகழ் பாடிக்கொண்டிருந்தாள்.

மலையடிவாரத்தில் டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, ஒயர் கூடையோடு ஒரு பெண் வந்து கதவைத் தட்டினார்.

"என்ன மீனுங்க வந்திருக்கு? வஞ்சிரம் இருக்கா?"

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் பையோடு நின்றார்கள். கூடவே ஒரு பூனை.

அக்கா கதவை இழுத்துச் சாத்தினாள். வண்டியைத் திருப்பினேன். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னாள்: "நாத்தம் மொத நாளே தெரியும்டி. தெரியும்னு சொன்னா அவுக கையால போட்ட தரையப் பேத்துருவீங்க. அதான் சொல்லல." படியேறிவிட்டுத் திரும்பினாள். "வெல்டிங் ராசுவ வரச் சொல்லு."

உங்களோடு வண்டி வேலை பார்த்த அதே ராசு வந்து நீங்கள் போட்ட பலகையை நெம்பினான். என்ன காரியம் செய்து வைத்திருக்கிறீர்கள் மச்சான்! பழைய தரையை எடுக்காமல் அதன் மேலேயே பலகை அடித்து, அதன் மேல் பளபளவென்று விரிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். அடியில் இருபது வருஷத்து ஐஸ் தண்ணீர் குடித்து ஊறிய தெர்மோகோல், கறுப்பாக, கூழாக, செதிலும் முள்ளுமாக. நெளிந்தவற்றைப் பற்றி எழுத மாட்டேன்.

ராசு தலையைச் சொறிந்தான். "நான் அப்பயே சொன்னேங்க்கா, பேத்துட்டு அடிப்போம்ணேன்னு. மேல விரிப்பு போட்டா எவன்டா குனிஞ்சு பாக்கப் போறான்னாரு."

அக்காவைப் பார்த்தேன். இந்தப் பத்து மாதத்தில் உங்களைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொல்ல அவள் யாரையும் விட்டதில்லை. அவள் கணக்கில் நீங்கள் குறட்டையே விட்டதில்லை. உங்கள் படத்துக்கு முன்னால் நான் சிரித்தால்கூட முறைப்பாள். அந்த அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு அந்தச் சகதிக்குள் இறங்கினாள்.

"இந்த மனுசன் பூரா வாழ்க்கையும் இப்படித்தாண்டி! கொல்லையில சாக்கடை அடைச்சப்ப அள்ளச் சொன்னேன், மேல பலகையப் போட்டு மூடுனாக! நெஞ்சு வலிக்குதுன்னு அன்னைக்கு ராத்திரி எந்திரிச்சு உக்காந்தப்பவும் வாயுன்னு சொல்லி மூடிட்டாக! ஆஸ்பத்திரிக்குப் போவம்னு கெஞ்சுனேனே, கேட்டாகளா? மூடி வச்சா ஒண்ணுமில்லாமப் போயிருமா?"

ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு திட்டு. ராசு தள்ளிப் போய் நின்றுகொண்டான். கடைசி வாளியை நான் தூக்கிக் கொட்டிவிட்டு வந்தபோது, அக்கா வண்டிக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தாள். நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை. செதிலும் சேறுமாக இருந்த அவளைக் கட்டிக்கொண்டேன். சகிக்க முடியாத நாற்றம். விடவில்லை.

இப்போது கீழே புதுத் தகரம் போட்டாயிற்று. அக்கா முதல் வேலையாக உங்கள் கக்கூஸைக் கழற்றி எறிந்தாள். அடுத்த வாரம் கிளம்புகிறோம். எங்கே என்று கேட்டால், "எங்கிட்டாச்சும் போ. கடல் பக்கம் மட்டும் திருப்பின, இறங்கிருவேன்" என்கிறாள்.

ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான். உங்களை இனி சாமியாக்க விடமாட்டேன். போகிற ஊரிலெல்லாம் அக்கா உங்களை வாய் நிறையத் திட்டுவாள். அவள் அழத் தொடங்கினால் மிச்சத் திட்டை நான் திட்டி முடிப்பேன்.

இப்படிக்கு,
மூன்று முறை குளித்தும் இன்னும் உங்கள் வாடை போகாத,
உங்கள் கொழுந்தியாள்