ஆகாயத்திலிருந்து ஒரு கோமாளி

சைகோன்,
20 மார்ச் 1966

அன்புள்ள தூயெத்துக்கு,

கோபம் கொஞ்சமாவது தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். உன் அண்ணனின் அரிசி ஆலையில் மூட்டை எண்ண மாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தவன், இங்கே சும்மா திரியவில்லை. டெலிவிஷனில் கோமாளி வேலை கிடைத்திருக்கிறது! ஒளிபரப்புக் கோபுரம் இன்னும் கட்டி முடியவில்லை. அதுவரை அமெரிக்கர்களின் ராணுவ விமானம் ஒன்று சாயங்காலமானால் மேலே போய் வட்டமடித்தபடியே படத்தை அனுப்புகிறது. உங்கள் சந்தையிலும் டெலிவிஷன் பெட்டி வைத்திருக்கிறார்களாமே? வெள்ளிக்கிழமை அதில் நான் வருகிறேன். குழந்தை ஹுவேயைக் கூட்டிப் போய்ப் பார்.

உன்,
லாம்

பென் லுக்,
27 மார்ச்

ஹுவேயின் அப்பாவுக்கு,

போனேன். உங்களுக்காக இல்லை, பிள்ளை அழுதாளே என்று. விமானம் திரும்பும்போதெல்லாம் உங்கள் தலை ஒரு பக்கம் போகிறது, உடம்பு ஒரு பக்கம் போகிறது. "ஏண்டி, உன் புருஷனைப் பிழிஞ்சு காயப்போட்ட மாதிரி இருக்கே!" என்றாள் மீன்கடை ஐந்தாமக்கா. நாடகத்தில் அகப்பையோடு புருஷனைத் துரத்தும் பெண்டாட்டி வந்ததும் சந்தையே திரும்பி என்னைப் பார்த்தது. உங்கள் பெண் பெட்டிக்குப் பின்னால் போய், "அப்பா, வெளிய வா!" என்று தட்டுகிறாள். நானும் சிரித்தேன். ஒரே ஒரு தடவைதான்.

ஆலையில் உங்கள் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

தூயெத்

பென் லுக்,
14 ஏப்ரல்

என்னங்க,

விமான தளத்தில் குண்டு விழுந்ததாம். டெலிவிஷன் விமானத்துக்கும் அடியாம். சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். நேற்றுப் பெட்டியில் வெறும் புள்ளிகள்தான். நீங்கள் அதில் இருந்தீர்களா? நாடகத்தை விடச் சொல்லி இனி வாயே திறக்க மாட்டேன். தரையில் நின்று ஆடுங்கள், அது போதும். ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

தூயெத்

சைகோன்,
17 ஏப்ரல்

என் தூயெத்துக்கு,

ஒரு கீறல்கூட இல்லை. அந்த விமானத்தில் நான் ஒரு நாளும் ஏறியதே இல்லையே! தரையில் ஆடுவதைப் படம்பிடித்து நாடாவை மட்டும்தான் மேலே அனுப்புகிறார்கள். ஏணியில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும், மறந்துவிட்டாயா? விமானத்துக்குத்தான் அடி, சீக்கிரம் சரியாகிவிடும் என்கிறார்கள்.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. நீ கொடுத்த வாக்கு இப்போதும் நிற்கிறதா?

லாம்

பென் லுக்,
20 ஏப்ரல்

அன்புள்ளவருக்கு,

நாசமாய்ப் போக! தினமும் அந்த விமானத்தின் விளக்கு வானத்தில் தெரிந்ததும் நானும் பிள்ளையும் அன்னாசி வயலில் நின்று கையசைத்தோமே, அதெல்லாம் யாரோ அமெரிக்கனுக்கா? ஐந்தாமக்காவுக்குத் தெரிந்தால் நான் மீன் வாங்கவே போக முடியாது.

வாக்கு நிற்கிறது. அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். முணுமுணுத்தான், முணுமுணுக்கட்டும்.

சனிக்கிழமை நாடகம் இல்லையென்றால் காலை பஸ்ஸில் வாருங்கள். ஹுவே மட்டும் நீங்கள் விமானத்தில்தான் வந்து இறங்குவீர்கள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பஸ் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீங்களே வந்து சமாளியுங்கள்.

உங்கள்,
தூயெத்