ஊர் கேட்காத பெண்

ஜூலை 5, சனி. நௌசோரி, பிஜி
மழை விடவில்லை, துணி காயவில்லை. மாலையில் அப்பா குடிக்க யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்தார். வட்டமாக உட்கார்ந்து ஒரே சிரட்டையில் எல்லோரும் குடிக்கிற வீடு எங்களுடையது. இன்று தம்பி சகியுசாவுக்கு மட்டும் ஒரு நீல பிளாஸ்டிக் குவளை. போன வாரம் அவனுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அப்பா சொன்னார், நான் எடுத்து வைத்தேன். அவன் தொடாமலே எழுந்து போய்விட்டான்.

ஜூலை 6
சாப்பிடவும் வரவில்லை.

ஜூலை 7
லௌடோகாவுக்குப் போய்த் தனியாக இருக்கப்போகிறானாம். மாத்திரையும் வேண்டாமாம். "என் எச்சிலுக்கே பயப்படுறீங்க. நான் இருந்தா என்ன, போனா என்ன?" என்கிறான். கடவுளே, இவனை நாங்களே துரத்துகிறோமா?

ஜூலை 8
சந்தையில் எழுதிப்போட்டிருந்த எச்.ஐ.வி. உதவி எண்ணுக்குப் பேசினேன். எடுக்கிறவர் சொந்தக்காரராக இருந்தால்? அந்தப் பயம்தான். எங்கள் ஆட்கள் எடுத்த எடுப்பில் ஊரைக் கேட்பார்கள், அடுத்த பேச்சில் உறவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். போனை எடுத்த பெண் ஊரும் கேட்கவில்லை, பேரும் கேட்கவில்லை. அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடிக்கிறவரை காத்திருந்தாள்.

"எச்சில்ல பரவாதுக்கா. ஒரே சிரட்டைல குடிக்கலாம், ஒரே தட்டுல சாப்பிடலாம். மாத்திரைய மட்டும் விடாமப் பாத்துக்குங்க."

ஜூலை 9
அப்பா நம்பவில்லை. போனில் யார் வேண்டுமானாலும் எதையும் சொல்வார்களாம். சரி, நீங்களே கேளுங்கள் என்று கையில் கொடுத்தேன். அதே பெண்தான் எடுத்தாள். இவர் முதலில் கேட்டது: "எந்த ஊரும்மா நீ?"

தலையில் அடித்துக்கொண்டேன்.

"நான் உங்களக் கேக்கல. நீங்களும் என்னக் கேக்காதீங்க ஐயா."

அப்பா சிரித்துவிட்டார். பிறகு முகம் மாறி, வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்ததும், "நல்ல வீட்டுப் பொண்ணு" என்றார். எந்த வீடோ!

ஜூலை 12, சனி
சகியுசா பை கட்டி வைத்திருந்தான். அப்பா அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதல் சிரட்டையை அவனிடம் நீட்டினார். அவன் என்னைப் பார்த்தான். எங்கள் வழக்கப்படி கைதட்டி வாங்கிக் குடித்தான். கழுவப் போன என்னை அப்பா தடுத்து, அதிலேயே தனக்கு ஊற்றச் சொன்னார். ஒரே மூச்சில் குடித்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

ஜூலை 14
மாத்திரை போட்டானா என்று காலையில் முதலில் கேட்டது அப்பாதான். பை இன்னும் மூலையில் இருக்கிறது, துணியை மட்டும் எடுத்துவிட்டான்.

நன்றி சொல்ல அந்த எண்ணுக்குப் பேசினேன். வேறு ஒரு பெண் எடுத்தாள். நன்றியை யாரிடம் சொல்லட்டும் என்று கேட்டாள். பேர் தெரியாது, ஊரும் தெரியாது. "உங்க எல்லாருக்கும்" என்றேன்.