பதினான்காம் எண் வண்டியின் புறப்பாட்டு நேரம்

அனுப்புநர்:
சு. ராமநாதன்,
(பதினான்காம் எண் வண்டியின் வழிகாட்டி)
சான்ட்ரிங்ஹாம், ஆக்லாந்து.

பெறுநர்:
பயணப் பதிவு அலுவலர் அவர்கள்,
தெற்கு வண்டிப் பாதை நினைவுப் பயண அலுவலகம்,
ஆக்லாந்து.

பொருள்: பழைய மாட்டு வண்டிப் பாதையில் 08.03.2025 அன்று நடந்த கார்ப் பயணத்தில் பதினான்காம் எண் வண்டி நிராகரிக்கப்பட்டது – பதிவேட்டுப் பிழையைத் திருத்தி, ஓட்டுநரின் பெயரைப் பலகையில் எழுதக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் 21.03.2025 நாளிட்ட கடிதம், பக்கங்கள் இரண்டு.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். முறையீடு செய்வோர் தத்தம் தாய்மொழியில் எழுதலாம், மொழிபெயர்ப்பை அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று தங்கள் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. மொழிகளின் பட்டியலில் தமிழ் பதினொன்றாவதாக இருந்தது. எல்லர்ஸ்லியில் உள்ள ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக ஆங்கிலக் கடிதம் எழுதிப் பிழைப்பவன் நான். ஆங்கிலத்தில் எழுதினால் யார் செய்த தவற்றையும் யாரும் செய்யாதது போல எழுதிவிடுவேன். அது என் தொழில். இந்த மனுவில் தவறு செய்தவன் நானே என்பதால் தமிழில் எழுதுகிறேன். இதை மொழிபெயர்க்கப் போகும் அன்பர் பொறுத்தருள்க.

1. எங்கள் வண்டியில் நால்வர் பயணம் செய்தோம். நானும் என் மனைவி வேதவள்ளியும் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்தவர்கள். அடுத்த வீட்டில் குடியிருக்கும் திருமதி ரதிதேவி யாழ்ப்பாணத்தார். அவருடைய மகள் லோஜனா இங்கேயே பிறந்தவர். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்பவர். வண்டி ரதிதேவியுடையது. சாவியைத் திருகியதும் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லி வரவேற்கும் பழைய வெள்ளைக் கார். அது என்ன சொல்கிறது என்று எங்களில் எவருக்கும் தெரியாது. நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும் என்று நம்புகிறோம்.

2. ஓட்டுநரைப் பற்றித் தாங்கள் அறிந்துகொள்வது அவசியம். கணவர் இருந்தவரை ரதிதேவி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்ததே இல்லை. அவர் மறைந்த பிறகு, ஐம்பத்திரண்டாம் வயதில் கார் ஓட்டக் கற்றார். தேர்வில் மூன்று முறை தவறி, நான்காம் முறை தேறினார். மிக மெதுவாக ஓட்டுகிறார் என்பதே மூன்று முறையும் அவர்மேல் சொல்லப்பட்ட குறை. மாட்டு வண்டிகள் போன பழைய பாதையிலேயே போக வேண்டும், மோட்டார்வே விரைவுச்சாலையில் ஏறக் கூடாது, அவசரம் வேண்டாம் என்ற தங்கள் விளம்பரத்தைச் சான்ட்ரிங்ஹாம் மளிகைக் கடையின் கண்ணாடியில் பார்த்ததும், இது அவருக்கென்றே வைத்த பந்தயம் என்று வேதவள்ளி சொன்னார். விண்ணப்பத்தை அன்று மாலையே நிரப்பினோம். ஓட்டுநர் என்ற கட்டத்தில் தம் பெயரை எழுதும் முன் ரதிதேவி பேனாவைக் காகிதத்தில் இரண்டு முறை கிறுக்கிச் சரிபார்த்துக்கொண்டார்.

3. இனி என் குற்றத்துக்கு வருகிறேன். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட புறப்பாட்டு நேரம் சனிக்கிழமை காலை 9.40. எங்கள் பஞ்சாங்கப்படி சனிக்கிழமை 9 முதல் 10.30 வரை ராகு காலம். அந்த நேரத்தில் எந்த நல்ல காரியத்தையும் தொடங்குவதில்லை. இந்த நாட்டில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கிறார்கள் அல்லவா? அதை எண்ணினால் ராகு காலம் 10 முதல் 11.30 வரை என்றாகிறது. எது சரி என்று தெரியாததால் இரண்டையும் சேர்த்து, 9 முதல் 11.30 வரை ஆகாது என்று அறிவித்தேன். “ஏங்க, ராகு டேலைட் சேவிங் எல்லாம் பார்ப்பாரா?” என்று வேதவள்ளி கேட்டார். நான் பஞ்சாங்கத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

4. இத்தகைய இக்கட்டுக்கு எங்கள் முன்னோர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் பரஸ்தானம். புறப்பட வேண்டிய நேரம் சரியில்லை என்றால், முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, பயண மூட்டைகளில் ஒன்றை வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அத்துடன் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. மறுநாள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் அது புதிய புறப்பாடு அல்ல, பாதியில் இருக்கும் பயணத்தின் தொடர்ச்சியே. ராகுவுக்கு இதில் ஆட்சேபம் இருந்ததாக இதுவரை கேள்விப்பட்டதில்லை.

5. அவ்வாறே 07.03.2025 வெள்ளிக்கிழமை காலை 7.20 மணிக்கு, வேலைக்குப் போகும் வழியில், பயணம் தொடங்கும் திடலில் ஒரு பையை வைத்தேன். அதில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு பொட்டலம் முறுக்கு ஆகியவை இருந்தன. கூடாரம் அடித்துக்கொண்டிருந்த ஆரஞ்சு மேலங்கித் தன்னார்வலர் ஒருவர் வந்து, இது என்ன என்று அன்போடு விசாரித்தார். பதினான்காம் எண் வண்டியின் மூட்டை என்றேன். எதற்கு இன்றே கொண்டுவந்தீர்கள் என்றார். பஞ்சாங்கத்தை விளக்க நேரமில்லை. எட்டு மணிக்கு அலுவலகத்தில் கூட்டம். எனவே, எங்கள் பயணம் இந்த நிமிடத்தில் தொடங்கிவிட்டது என்று சுருக்கமாகச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஏட்டைத் திறந்தார், எழுதிக்கொண்டார். பையில் 14 என்று அட்டை கட்டிப் பத்திரப்படுத்தி, மறுநாள் என்னிடம் ஒப்படைத்தார். முறுக்கில் ஒன்றுகூடக் குறையவில்லை. அவர்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. நான் சொன்னதைத்தான் அவர் எழுதினார்.

6. சனிக்கிழமை 9.40 மணிக்கு உண்மையான புறப்பாடு நடந்தது. ஓட்டாஹுஹு, மனுகாவ் வழியாகப் போனோம். தாங்கள் குறித்திருந்த ஏழு நிறுத்தங்களிலும் இறங்கினோம். பலகைகளை லோஜனா உரக்கப் படித்தார். மனுகாவ் தாண்டியதும் நான் ஒரு திருப்பத்தைத் தவறாகச் சொன்னேன். அதன்படி போயிருந்தால் மோட்டார்வேயில் ஏறியிருப்போம். “அண்ணை, நீங்கள் கதைக்காம மாப்பைப் பாருங்கோ, நான் ஓடுறன்” என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் சரியான வழியில் திரும்பினார். வழிகாட்டி என்ற முறையில் நான் ஆற்றிய பணி இவ்வளவே.

7. ட்ரூரி நிறுத்தத்தில் ஒரு பலகை இருந்தது. இந்தச் சாலை முதலில் குடியேறிகளின் வண்டிகளுக்காகப் போடப்பட்டதல்ல, படை போவதற்காக வெட்டப்பட்டது என்றும், அந்தப் படை யாருடைய நிலத்தை நோக்கிப் போனது என்றும் அதில் எழுதியிருந்தது. லோஜனாவின் குரல் தணிந்துவிட்டது. ரதிதேவி மட்டும், “எங்கட இடத்திலயும் றோட்டு முதல்ல ஆமிக்குத்தான். பிறகுதான் சனத்துக்கு” என்றார். அந்நிலத்துக்குரிய மாவோரி மக்களின் ஊர்ப்பெயர்கள் பொறித்திருந்த வரியை விரலால் தொட்டுவிட்டு வண்டிக்குத் திரும்பினார். அந்தப் பலகையை வைத்தமைக்காகத் தங்கள் அலுவலகத்துக்கு நன்றி. உல்லாசப் பயணம் என்று எண்ணி வந்த எங்களுக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

8. பாம்பே மேட்டில் அந்நாளில் ஒரு வண்டிக்கு இரண்டு வண்டியின் மாடுகளைப் பூட்டி ஏற்றுவார்கள் என்று தங்கள் வழிகாட்டி நூலில் படித்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர் ஊர்ந்துகொண்டிருந்தது; பின்னால் பன்னிரண்டு வண்டிகள் சேர்ந்துவிட்டன, நானே எண்ணினேன். ரதிதேவி பதறவில்லை. இடம் கிடைத்ததும் ஓரமாக ஒதுங்கி நின்று அத்தனை பேருக்கும் வழிவிட்டார். போனவர்களில் ஒன்பது பேர் கை உயர்த்தி நன்றி சொன்னார்கள். பிறகு அந்த மேட்டில் ஒரு சாண்கூடப் பின்னால் உருளாமல் வண்டியைக் கிளப்பினார். பாம்பே என்ற பெயரை நம்பி பஜ்ஜிக்குக் காத்திருந்த வேதவள்ளி, அது ஒரு கப்பலின் பெயரால் வந்த ஊர் என்று தெரிந்ததும் மனம் தளராமல் பத்துக் கிலோ வெங்காயம் வாங்கினார். மூட்டை என் மடியில்தான் வந்தது.

9. மாலை 4.25 மணிக்கு மெர்சரில் ஆற்றங்கரை முடிவிடத்தை அடைந்தோம். ஆக, ஆறே முக்கால் மணி நேரம். தங்கள் அலுவலர் மணி அடித்தார். ரதிதேவி இறங்கிப் போய், பயணத்தை முடித்த ஓட்டுநர்களின் பெயர்கள் எழுதப்படும் மரப் பலகையின் முன்னால் நின்றார். தம் பெயர் எந்த வரியில் வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த வெற்று வரியைத் தம் கைப்பேசியில் படம் எடுத்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

10. இரண்டு வாரம் கழித்துத் தங்கள் கடிதம் அவருடைய முகவரிக்கு வந்தது. அனுமதித்த நேரத்தை மிகவும் கடந்துவிட்டதால் இந்த வண்டி நிராகரிக்கப்படுகிறது, ஓட்டுநரின் பெயர் பலகையில் இடம்பெறாது, இவ்வளவு நீண்ட நேரம் தொடர்ந்து ஓட்டுவது அவருக்கும் பிறருக்கும் ஆபத்து என்பதால் அவர் களைப்பு பற்றிய பாதுகாப்பு வகுப்பு ஒன்றில் சேர வேண்டும் என்று முதல் பக்கம் சொன்னது. அதை லோஜனா படித்துவிட்டு, “அம்மா, ஜஸ்ட் இக்னோர் இட்” என்றார். எண்களாக இருந்த இரண்டாம் பக்கத்தைப் படிக்காமலே என்னிடம் கொடுத்து, அது என்ன என்று பார்க்கச் சொன்னார்கள். அது பதிவேட்டின் நகல். புறப்பாடு வெள்ளி 7.20, வருகை சனி 16.25, மொத்தம் முப்பத்து மூன்று மணி ஐந்து நிமிடம், அனுமதித்தது பத்து மணி நேரம். ஒரே பார்வையில் எனக்குப் புரிந்துவிட்டது. ஏதோ அலுவலகக் குறிப்பு என்று சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

11. ரதிதேவி அன்றே கார்ச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டார். இப்போது பேருந்தில் போகிறார். தாம் மிக மெதுவாகப் போய், எல்லாருக்கும் வழிவிட்டு நின்று, நேரத்தைத் தொலைத்துவிட்டதாகவே நினைக்கிறார். அவர் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், மனுகாவ் கிளையின் சமையலறைக்கு மேற்பார்வையாளராக அவரைக் கேட்டிருக்கிறார்கள். அங்கே வேலை காலை ஐந்தரைக்குத் தொடங்கும். அந்நேரத்துக்குப் பேருந்து கிடையாது. கார் ஓட்டினால்தான் அந்த வேலை. ஏப்ரல் 17ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கையில் வைத்திருக்கிறார். அண்டை வீட்டுக்காரன் ஆயிரம் சமாதானம் சொன்னாலும் அவருக்கு அது காற்றோடு போகும் பேச்சு. அகதி மனு முதல் குடியுரிமை வரை, அவர் வாழ்க்கையில் எதையும் முடிவு செய்தது முத்திரை வைத்த தாள்தான். அப்படி ஒரு தாள் அவரை ஆபத்தானவர் என்று சொல்லிவிட்டது. அவர் நம்பிவிட்டார்.

12. பதினான்கு நாளாக அந்த இரண்டாம் பக்கம் என்னிடம் இருக்கிறது. வேதவள்ளிக்கு நேற்றுத்தான் காட்டினேன். அவர் சொன்னவற்றை மனுவில் எழுத இயலாது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் முன்னால் தலை குனிய வேண்டுமே என்ற என் வெட்கத்துக்காக அவருடைய பிழைப்பில் கை வைத்துவிட்டேன். இதை எழுதும்போது எனக்கு அவமானமாக இருக்கிறது. எழுதாமல் இருந்தது அதைவிட அவமானம்.

எனவே தாங்கள் கருணையோடு செய்து தர வேண்டியவை:

அ) வெள்ளிக்கிழமை 7.20க்குப் புறப்பட்டது வேட்டியும் துண்டும் முறுக்கும் மட்டுமே என்றும், வண்டியும் ஓட்டுநரும் சனிக்கிழமை 9.40க்கே புறப்பட்டனர் என்றும் பதிவேட்டைத் திருத்தி, ஓட்டுநரின் பெயரைப் பலகையில் அவருக்குரிய வரியில் எழுத வேண்டும். அன்று எங்களை வழியனுப்பிய தன்னார்வலர்கள் இதற்குச் சாட்சி.

ஆ) விதிப்படி எவரையேனும் நீக்கியே ஆக வேண்டுமானால், வழிகாட்டி என்ற இடத்திலிருந்து என் பெயரை நீக்கி, இனி வரும் பயணங்களில் என்னைச் சேர்க்காமல் விட வேண்டும்.

இ) களைப்பு வகுப்புக்கு ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

ஈ) திருத்திய கடிதத்தைத் தங்கள் முத்திரையுடன், ஏப்ரல் 17க்கு முன், ஓட்டுநர் திருமதி ரதிதேவி என்று முகவரியிட்டு அவருக்கே அனுப்ப வேண்டும்.

இம்மனுவின் நகலை இன்று மாலை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் என் கையாலேயே கொடுக்கப் போகிறேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். தாங்களும் நேர்மையான ஒரு வரியால் அவருக்கு நீதி செய்வீர்கள் என்று நம்பிக் காத்திருக்கிறேன்.

இடம்: சான்ட்ரிங்ஹாம்
நாள்: 06.04.2025

பணிவுடன்,
சு. ராமநாதன்
(ஒப்பம்)

இணைப்பு: தங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கம் (மடிப்புகளுடன்).
நகல்: திருமதி ரதிதேவி, நேரில்.

பிற்சேர்க்கை, 07.04.2025, திங்கள் காலை:

நகலை ரதிதேவி இரண்டு முறை படித்தார். முதல் முறை படித்துவிட்டு வெகுநேரம் என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டாம் முறை முறுக்கு வரும் இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் காகிதத்தால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, “பதினாலு நாள், அண்ணை. பதினாலு நாள் நான் பஸ்ஸில போனனான்” என்றார். உள்ளே போய்ப் பேனா எடுத்துவந்து, என்னிடம் இருந்த மூல மனுவை வாங்கி, அதில் ஒரு கோரிக்கையை அடித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்திட்டார். மேலே ‘ஆ’ என்ற கோரிக்கையின் குறுக்கே உள்ள கோடு அவருடையது. அந்த வரியைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். அவர் வேண்டாம் என்கிறார்.

இம்மனுவைத் தபாலில் அனுப்பவும் அவர் ஒப்பவில்லை. ஆகவே நேரில் கொண்டுவந்து தங்கள் முகப்பு மேசையில் கொடுக்கிறேன். பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டு மட்டும் கொஞ்சம் விரைவாகத் தர வேண்டுகிறேன். தங்கள் வாசலில் பத்து நிமிடம்தான் வண்டியை நிறுத்தலாம் என்று எழுதியிருக்கிறது. கீழே ஓட்டுநர் காத்திருக்கிறார்.

சு. ரா.