பியானோவைப் பூட்டியது எத்தனை நாள்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம், தங்கச்சி சுகம், என் முழங்கால் ஒன்று மட்டும் சரியில்லை, இன்னொன்று சுமார். நீ சுகமா என்று கேட்கத் தேவையில்லை, வீடியோவில் பார்த்தேன், கன்னம் நன்றாக ஊதியிருக்கிறது. அந்த வீடியோவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழித்தால்தான் உண்டு, கிழிப்பதற்கும் முதலில் பிரித்தாக வேண்டும்.

பியானோவைத் தொட்டே பார்க்காதவர்கூடப் பத்து நாளில் வாசிக்கலாம் என்று ஒரு பாப் பாட்டைச் சுலபமாக்கி எழுதிச் சொல்லிக்கொடுக்கிறாய், சரி, சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே. நடுவில் சிரித்துக்கொண்டே எங்க வீட்ல யாருக்கும் பாட்டு கேக்குற காதே கிடையாது, எங்கப்பா ரெண்டு வருஷம் பியானோவைப் பூட்டி வெச்சிருந்தாரு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறாய். அதை எங்கள் லிஃப்ட் கம்பெனி வயர்மேன் சாப்பாட்டு நேரத்தில் போனில் வைத்து, அண்ணே இது உங்க பையன்தானே, நீங்க இப்படிப்பட்ட ஆளுன்னு சொல்லவே இல்லையே என்று எல்லோருக்கும் காட்டினான். அன்றிலிருந்து மோட்டார் ரூமில் என் பெயர் பூட்டு. பூட்டு வந்தாச்சா, பூட்டுக்கு டீ சொல்லியாச்சா என்கிறார்கள், நானும் ஆச்சு என்கிறேன், வேறென்ன சொல்வது. பெயர்கூடப் போகட்டும், காது கிடையாது என்றாயே, அதுதான் ஆறவில்லை. தரைத்தளத்தில் நின்றுகொண்டே ஆறாவது மாடி லிஃப்ட் கதவில் உருளை தேய்ந்துவிட்டது என்று காதால் கேட்டுச் சொல்கிறவனடா நான். அந்தப் பியானோவையும் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் யார், லிஃப்ட் வேலைக்குப் போன இடத்தில் ஓட்டல்காரர் வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி, மூன்று பேரைக் கெஞ்சி மாடிக்கு ஏற்றி, படி வளைவில் பியானோவோடு நானும் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டேன். லிஃப்ட் மெக்கானிக் படியில் மாட்டிக்கொண்ட கதையைக் கீழ் வீட்டுப் பல் டாக்டர் இன்றைக்கும் யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

அதனால் அந்தப் பாட்டையே வாசித்துக் காட்டி உன் மூக்கை உடைப்பது என்று முடிவு செய்தேன். பத்து நாள் என்றாய், எனக்கு ஏழு மாதம் ஆகிறது. உன் நோட்ஸில் கட்டைக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருக்கிறாய் அல்லவா, நானும் டேப் கிழித்துக் கட்டையில் ஒட்டினேன். நடுக் கட்டை தரைத்தளம், அதற்கு எண் கிடையாது, அடுத்தது ஒன்று, அதற்கடுத்தது இரண்டு. முப்பத்து நான்கு வருடமாக எனக்குத் தெரிந்த ஒன்று அதுதான். கறுப்புக் கட்டைகளைப் படி திரும்பும் இடம் என்று வைத்துக்கொண்டு தொடாமல் விட்டேன். ஆறு வாரம் அப்படியே அடித்தேன், கல்யாணப் பாட்டு மாதிரி இருக்க வேண்டியது ஆளில்லாத வீட்டில் யாரோ அழுவது மாதிரி வந்தது. உன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், தப்பு உன்னுடையது என்று முடிவே கட்டிவிட்டேன். உன் வீடியோவுக்குக் கீழே, இதை எழுதியவனுக்குத்தான் காது இல்லை, மூன்றாவது வரி ஒப்பாரி வைக்கிறது என்று தங்கச்சியிடம் சொல்லி வேறு ஒரு பெயரில் போடச் சொன்னேன், அவள் நீங்களே போட்டுக்கோங்க, நான் இந்தச் சண்டைக்கு வரல என்றுவிட்டாள், நானே போட்டேன்.

மறுநாள் உன் பதில் வந்திருந்தது. ஐயா, பொறுமையா பாருங்க, நடுக் கட்டைதான் ஒண்ணு, நீங்க அதுக்கு அடுத்ததுல ஆரம்பிக்கிறீங்கன்னு நினைக்கிறேன், நிறைய பேருக்கு இப்படி ஆகும், விட்டுடாதீங்க என்று எழுதியிருந்தாய். டேப்பையெல்லாம் உரித்து ஒரு கட்டை கீழே தள்ளி ஒட்டினேன், பாட்டு வந்துவிட்டது. அதற்காக உன் மேல் கோபம் குறைந்தது என்று நினைத்துவிடாதே, கூடியது. திட்டியவன் யாரென்றே தெரியாது, அவனுக்கு ஐயா, அவனுக்குப் பொறுமை, அவனுக்கு விட்டுடாதீங்க. எனக்கு எட்டு வருடமாகப் பணம் வந்துச்சா, மாத்திரை சாப்பிட்டீங்களா, சரி வைக்கிறேன். உனக்குத் தன்மையாகப் பேச வராது என்று நான்தான் ஊரெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது அந்த ரெண்டு வருஷம். அது பச்சைப் பொய், கடைசிப் பரீட்சைக்கு முன்னால் பதினொரு நாள்தான் பூட்டினேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதை எழுதி உன்னை மன்னிப்புக் கேட்க வைக்கத்தான் பேனாவை எடுத்தேன். சாட்சிக்கு உன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே, அவன் பதினொண்ணாவது சேர்ந்த வாரம் பூட்டுனீங்க, பன்னிரண்டாவது முடிச்ச அன்னிக்குத் தொறந்தீங்க, இருபத்திரண்டு மாசம், நான் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன் என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னேனே, மூணு தடவை சொன்னேன், உங்களுக்குத்தான் காதே என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பூட்டியும் கணக்கில் நீ முப்பத்தெட்டு வாங்கினாய் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன், அது உன் குற்றமா என் குற்றமா என்று இப்போது தெரியவில்லை.

போன மாதம் வெளியூரில் புது லிஃப்ட் மாட்ட ஒன்பது நாள் போயிருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் இடது கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. முதல் வரியிலேயே நின்றுவிட்டது, விரல் என்னுடையதே இல்லை. பழைய இடத்துக்கு வர மூன்று வாரம் பிடித்தது. எனக்கு இது விளையாட்டு, வயிற்றுப்பாடு இல்லை, கனவு இல்லை, உன் மேல் உள்ள கடுப்பில் பழகியது. இதற்கே ஒன்பது நாளில் இவ்வளவு போகிறது என்றால் இருபத்திரண்டு மாதத்தில் என்ன போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கில் நானும் முப்பத்தெட்டுதான், ஆனாலும் இந்தக் கணக்கு வந்துவிட்டது.

ஆகவே ரெண்டு வருஷம் என்று நீ சொன்னது அப்படியே இருக்கட்டும், அழிக்க வேண்டாம், யார் கேட்டாலும் ஆமாம் பூட்டினேன் என்று இங்கே நானும் சொல்லிவிடுகிறேன். காது கிடையாது என்றது மட்டும் நிற்கக் கூடாது, அதை எடு, எடுக்கும்வரை இந்த வீட்டுக்கு நீ போன் பண்ணினால் அம்மா பேசுவாள், நான் பேச மாட்டேன். இன்னும் ஒன்று, மூன்றாவது வரியில் வலது கை அகலமாக விரிய வேண்டியிருக்கிறது, என் கை அந்த அளவுக்கு விரியாது. அதற்கு என்ன வழி என்று ஐயாவுக்குச் சொன்ன மாதிரியே எனக்கு எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு, வீடியோவில் கூன் போட்டு உட்காருகிறாய், முதுகை நிமிர்த்து. நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று கோபத்தோடு ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா