மூழ்கிய கப்பலிலிருந்து நீ மீட்டவன்

நண்பா,

இன்று அக்கரைப்பற்றில் ஒரு தட்டெழுத்துக் கடைக்குள் நுழைந்தபோது ரோணியோ பிரதி இயந்திர மையின் வாசனை மூக்கில் ஏறியது. வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். கல்முனை பஜாரில், உன் வாப்பாவின் சாரம் விற்கும் துணிக்கடைக்குப் பின்னால், நாம் சஞ்சிகை அச்சடித்த அறையில் எப்போதும் இந்த வாசனைதான்.

எண்பத்து மூன்றின் கடைசியில் கரீபியன் தீவான கிரெனடாவில் அமெரிக்கப் படை இறங்கியதை அந்த அறையில் இருந்துதான் வானொலியில் கேட்டோம். ஒரு சின்னத் தீவுக்கு இத்தனை கப்பலா என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய். நம்முடையதும் சின்னத் தீவு. பெரிய நாடுகளின் கப்பல்கள் நம் பக்கமும் திரும்புமோ என்று ஊரே கதைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அடுத்த இதழிலேயே தொடர்கதை தொடங்கினாய். நடக்காமல் போன ஒரு சரித்திரம். அதில் சோவியத் கப்பற்படை கியூபாவிலிருந்து வந்து அமெரிக்கக் கப்பல்களை மறித்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சரக்குக் கப்பல் அகப்பட்டது. ஊர் வாசகருக்கு ருசிக்கட்டும் என்று அதில் ஒரு கல்முனைப் பையனை ஏற்றிவிட்டாய். மூன்றாம் இதழில் அந்தக் கப்பல் மூழ்கியது, பையனும் போனான்.

அந்த வாரம் ஆசியா உம்மா என்ற தாய் பக்கத்து ஊரான சாய்ந்தமருதிலிருந்து வந்து அறை வாசலில் நின்றார். அவருடைய மகன் ஒரு வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை. கடைசிக் கடிதம் கிரெனடாவுக்குப் பக்கத்துத் தீவான டிரினிடாட்டிலிருந்து வந்தது, பிறகு ஒன்றுமில்லை. கதையை மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"கதையெண்டு எனக்கும் தெரியும் மகன்," என்றார். "ஆனா சோறு எறங்குதில்ல. எழுதினது நீங்கதானே. நீங்களே அவன கரையேத்தி உடுங்க."

அவர் போனதும் நீ கோபப்பட்டாய். அந்தப் பையன் செத்தால்தான் வல்லரசுகளின் விளையாட்டு யார் தலையில் விடிகிறது என்று வாசகனுக்கு உறைக்கும் என்றாய். பிறகு சில நாட்கள் அறைப்பக்கமே வரவில்லை. வந்த அன்று உட்கார்ந்து அடுத்த இதழை எழுதினாய். கப்பல் முன்போலவே மூழ்கியது. ஆனால் பையன் ஒரு பலகையைப் பிடித்து மிதந்தான். கிரெனடாத் தீவின் மீன்காரர்கள் அவனைத் தோணியில் தூக்கிப் போட்டார்கள். ஒரு வீட்டில் ஈரப்பலாக்காய் அவித்துக் கொடுத்தார்கள்.

அச்சுக்குப் போகுமுன் அதைச் சாய்ந்தமருதுக்கு எடுத்துப் போனாய். நானும் கூட வந்தேன். நீ வாசிக்க வாசிக்க அவர் முக்காட்டு ஓரத்தால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"என்ட புள்ள ஈரப்பலா தின்னமாட்டான்," என்றார் கடைசியில்.

நீ பேனையை எடுத்து அங்கேயே அதை மீனும் சோறுமாக மாற்றினாய்.

வல்லரசுகளில் தொடங்கிய கதை மீன்காரர் குடிலில் போய் உட்கார்ந்துவிட்டது என்று வாசகர்கள் ஏசினார்கள். நீ கணக்கெடுக்கவில்லை. ஒவ்வொரு இதழையும் முதலில் அவர்தான் கேட்டார். ஒருநாள் திரும்பி வரும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு சொன்னாய்: "அவன் செத்தா கதைக்கு நல்லமெண்டு யோசிச்சன் மச்சான். அவனுக்கும் ஒரு உம்மா இரிப்பா எண்டு யோசிக்கல்ல."

நெல் வேளாண்மை வெட்டுக்குச் சற்று முன் ஆசியா உம்மாவின் மகன் வந்து சேர்ந்தான். கப்பல் பழுதாகி பிரேசிலில் ஒரு துறைமுகத்தில் கிடந்ததாம். கிரெனடாவில் நடந்ததையே அவன் கேட்டிருக்கவில்லை. தாய் அனுப்பி உன்னைப் பார்க்க வந்தவன், கதை வந்த இதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். மீனும் சோறும் வந்த பக்கத்தை நீ எடுத்துக் காட்டினாய்.

எண்பத்தாறின் மாரியில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டு போய்விட்டது. உன் ஜனாஸாவைச் சுமந்த சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கத்தை அவன் தோளில் ஏற்றினான். மழைக்குள், அடக்கம் செய்யும் மையவாடி வாசல்வரை யாருக்கும் அதைக் கைமாற்றிக் கொடுக்கவில்லை. நான் பின்னால் நடந்து வந்தேன்.

இப்போது ஒரு பத்திரிகைக்கு வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கிறேன். எங்கோ ஒரு கடலில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது என்று ஒற்றை வரி வந்தால், அதை அப்படியே தமிழாக்கிக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. கப்பலில் இருந்தவர்கள் யார் என்று கேட்கிறேன். இடமில்லை, அந்த ஒரு வரி போதும் என்கிறார் ஆசிரியர். மறுபடியும் கேட்கிறேன்.